மூன்றாம் ஓலைக்கு ஒரு தடை

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் சாராள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். கல்யாணம் நிச்சயமாகி, சர்ச்சில் இரண்டு ஓலை படித்து முடிந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஒரு புளியமரத்திலிருந்து விழுந்து, கட்டிக்கொள்ளப்போகிற பெண் யார் என்பதையே மறந்துவிட்டு வந்து நிற்கிறான். எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள் இந்தக் கூத்தை? பெண் அவளே என்பதால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, அதுவும் மாதக்கணக்கில் வந்தது.

சாராளை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கும்மிடிப்பூண்டியை ஒட்டின பெத்திக்குப்பம் காலனியில் ஞானம்மாவின் ஒரே மகள். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஞானம்மா கண்டவர் வயலில் நாற்று நட்டுக் களை பிடுங்கி அவளை எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தாள். எழுபதாம் வருஷத்துக்கு அப்புறம் அந்த வயல்களையே கம்பெனிக்காரர்கள் வளைத்துக் கம்பி வேலி போட்டார்கள். அம்மா களை பிடுங்கின இடத்தில் ஆணிக் கம்பெனி ஷெட்டு எழும்பியது. மகள் அதில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ஆணியை எடை போட்டுச் சாக்கில் கொட்டித் தைக்க வேண்டும். வேலையைவிட அவள் வாய்தான் பிரசித்தம். மனதில் ஒன்று தோன்றினால் அது நாக்குக்கு வந்து சேர நேரமே ஆகாது. சூப்பர்வைசர் துளசிராமன் அவள் இருக்கிற பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போவார். "இன்னா சார், எங்களப் பாத்தா ஆணியாட்டம் குத்துதா?" என்று ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் அந்த வழியையே விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டியவன் தேசப்பன். ஆர்.கே.பேட்டைக்காரன், லுங்கி நெய்கிற வீட்டுப் பையன். அப்பா அம்மா இல்லாமல் அக்கா மணியம்மாள் கையில் வளர்ந்தவன். தறியை விட்டு வேலை தேடி வந்து, ஆணி வெட்டுகிற மிஷினில் ஆப்பரேட்டர் ஆனான். அந்த மிஷின் சத்தத்தில் பேசிப் பழகி, வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவான். சிரிப்பும் கத்தல்தான். அவளைப் பார்த்த முதல் நாளே எல்லார் முன்னாலும், "இன்னா ஆணி, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டான். அவள் பதிலுக்கு எடைக்கல்லைத் தூக்கிக் காட்டினாள். அதை அவன் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு பேஜாரு புடிச்ச ஆள். அவளுக்கு அவனை எவ்வளவு பிடித்தது என்றால், அவன் லீவு போட்ட நாளில் யாரைத் திட்டுவது என்றே அவளுக்குத் தெரியாது.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பொய் சொல்லுவான். அடுத்தவன் குடியைக் கெடுக்கிற பொய் இல்லை, தொல்லையை நாளைக்குத் தள்ளிவிடுகிற பொய். "சைக்கிளுக்கு பிரேக் போட்டியா?" என்றால் "போட்டுட்டேன்" என்பான், பிரேக் இருக்காது. "மழைக்கு முன்னாடி கூரைய மாத்தினியா?" என்றால் "மாத்திட்டேன்" என்பான், ரூமில் தண்ணி முழங்காலுக்கு நிற்கும். "ஆர்.கே.பேட்டைக்குப் போனியே, உங்கக்காகிட்ட நம்ம விஷயத்தச் சொன்னியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன். அதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றான். அத்தனை தடவை ஏமாந்தவள் இதை மட்டும் நம்பினாள். அந்தக் கோபம் அவளுக்குத் தன் மேலேயே ரொம்ப நாள் இருந்தது.

சர்ச்சில் கல்யாணம் என்றால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும். அதற்கு அவனே முன்வந்தான். சர்ச்சை நடத்துகிற உபதேசியார் அவனுக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்தார். நல்ல பெயர்தான். ஆனால் அதைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அவன் திரும்பவும் இல்லை. கம்பெனியில் தேசப்பன், காலனியில் தேசப்பன், சர்ச்சுக் கணக்கில் மட்டும் ஆசீர்வாதம். அடுத்தது ஓலை. அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பையன் பெயரையும் பெண் பெயரையும் எல்லார் முன்னாலும் வாசித்து, இவர்கள் சேர யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை படிக்கிறது என்று பேர். மூன்று ஓலையும் மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் நல்லபடியாக முடிந்தன.

அந்த வாரம்தான் கூட வேலை செய்கிற வரதனுக்குக் கல்யாணம். ரேடியோ செட்டுக்காரன் ஸ்பீக்கர் குழாயைப் பந்தல் காலில் கட்டப் போனான். "அங்க கட்னா யாருக்குக் கேக்கும்? மேல கட்டு, எளாவூர் வரைக்கும் கேக்கணும்" என்று சொல்லி, குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தேசப்பன் புளியமரத்தில் ஏறினான். யாராவது ஏறச் சொன்னார்களா? இல்லை. அவன் கல்யாணமா? அதுவும் இல்லை. கிளை முறிந்தது. கீழே பந்தலுக்கு வைத்திருந்த கல்லில் தலை பட்டது. சாராள் ஓடி வந்து பார்த்தபோது அவன் மயங்கிக் கிடந்தான், குழாய் மட்டும் மரத்திலேயே தொங்கிக்கொண்டு பாடியது.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கழித்துக் கண் திறந்தான். பேர் சொன்னான், ஊர் சொன்னான். தறியில் பாதி நெய்த லுங்கியை அப்படியே விட்டுவிட்டு வந்ததாகக் கவலைப்பட்டான். அந்த லுங்கியை எவன் கட்டிக் கிழித்து எத்தனை காலம் ஆயிற்றோ. ஆர்.கே.பேட்டையை விட்டுக் கிளம்பினதிலிருந்து அன்றைக்கு வரைக்கும் இருந்த வாழ்க்கை, மூன்று வருஷத்துக்கு மேல், அவன் தலையில் இல்லை. மிஷின் இல்லை, காலனி இல்லை, ஞானஸ்நானம் இல்லை. சாராள் இல்லை.

ஆள் அனுப்பி வரவழைத்த அக்கா மணியம்மாள் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சாராள் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாள். வேஷம் இல்லை, மெய்யாகவே தெரியாமல் கேட்டாள். சாராளுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லவே இல்லை, படுபாவி. கல்யாணத்துக்கு ஓலை படிக்கிற வரைக்கும் வந்தும் வளர்த்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைத் திட்டலாம் என்று திரும்பினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்க்கிற மாதிரி மரியாதையாக அவளைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். இவனிடம் எதைக் கேட்பது?

"கம்பெனில கூட வேலை செய்றவங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள்.

பின்னாலேயே ஞானம்மா நின்றிருந்தாள். வெளியே வராந்தாவில் மகளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி சொல்லிட்டு வந்த? கட்டிக்கப் போறவன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? பாவம்னு கட்டிக்குவான். ஓலை படிச்சிட்டாங்களாம், ஊருக்குத் தெரிஞ்சிடுச்சாம், சரின்னு தலையாட்டுவான். எனக்கு அந்த மாதிரி ஒருத்தன் வாணாம். அவனுக்கா ஞாபகம் வரட்டும்."

"வரலன்னா?"

"வரும்" என்றாள் சாராள். அவசரப்படுத்தக் கூடாது, வந்தால் தானாக வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் முதல் பாதியை மட்டும் அவள் காதில் போட்டுக்கொண்டாள்.

அக்கா ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வேலை போய்விடக் கூடாதே என்று அவன் திரும்பி வந்தான். சாராள் அதற்குள் காலனி முழுக்க ஒரு உத்தரவு போட்டிருந்தாள்: கல்யாணப் பேச்சை எவனாவது எடுத்தால் நாக்கை இழுத்து வைத்துத் தைத்துவிடுவேன். சாக்கு தைக்கிற ஊசி அவளிடம் இருந்தது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கல்யாணத்தைப் பற்றி மட்டும்தான் மூடிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்த்தார்கள். ஞாபகத்தைத் தூண்டிவிடுகிறோம் என்று ஆளுக்கொரு தேசப்பனைக் கொண்டுவந்து அவன் தலையில் ஏற்றினார்கள். நண்டு என்றால் உனக்கு உயிர் என்று ஒருத்தி சட்டியோடு வந்தாள். அவனுக்கு நண்டைக் கண்டாலே ஆகாது. நீ சபையில் பாட்டுப் பாடுவாய் என்றார் ஒருத்தர். அவன் பாடினால் நாய் எழுந்து போகும். வரதன், தன் கல்யாணத்தில்தான் இது நடந்தது என்ற குற்ற உணர்ச்சியில், "நீ எனக்கு அண்ணன் மாதிரி, எது கேட்டாலும் யோசிச்சிப் பொறுமையா சொல்லுவ" என்றான். பொறுமையாம். யோசித்தானாம். சாராள் அதைக் கேட்டு கையிலிருந்த பாத்திரத்தை அடுப்பு மேல் நங்கென்று வைத்தாள்.

இதெல்லாம் போக, பழக்கதோஷத்தில் காலனி ஆம்பளைகள் எல்லாரும் அவனை "மாப்ள" என்றே கூப்பிட்டார்கள். சாராளுக்குத் திக்கென்றது. அவனோ, இந்த ஊர் ஜனங்கள் பாசக்காரர்கள், யாரைப் பார்த்தாலும் மாப்ள என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவனும் எல்லாரையும் மாப்ள என்று திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தான். அறுபது வயது ஆட்களைக்கூட. இதைத் திருத்துவதா, விடுவதா? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தலையில் அடிபட்டவனை மிஷினில் விட முடியாது என்று துளசிராமன் அவனைப் பேக்கிங்கில் போட்டார். எந்த இடம்? சாராளுக்கு எதிர்த் தராசு. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த முகம் அவள் எதிரிலேயே இருந்தது. கத்தவில்லை. மெல்லப் பேசினான். "இந்தச் சாக்கு எங்க வைக்கணுங்க?" என்றான். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான். அவன் வாயிலிருந்து நீங்க என்ற வார்த்தை வந்ததும் சாராளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆணி என்று கூப்பிட்டவன் நீங்க என்கிறான். அவள் சாக்கைத் தைத்தாள், வழக்கத்தைவிட இரண்டு தையல் கூடவே போட்டாள்.

ஆனால் நாள் போகப்போக ஒன்றைக் கவனித்தாள், கவனித்து இன்னும் எரிச்சலானாள். இந்த ஆள் பொய் சொல்வதில்லை. எடை தப்பினால், "நான்தான் தப்பா போட்டேன் சார்" என்று துளசிராமனிடம் நேரே போய்ச் சொன்னான். நண்டு கொண்டு வந்தவளிடம், "எனக்கு இது ஒத்துக்கலீங்க, மன்னிச்சிக்கங்க" என்றான். சாராள் திட்டினால் பழைய ஆள் சிரிப்பான். இவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, அதில் ஞாயம் இருந்தால் மாற்றிக்கொள்வான், இல்லாவிட்டால் "இதுல எம்மேல தப்பு இல்லியே" என்பான். ஒரு நாள் நீங்க நீயாகிவிட்டது, எப்போது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது, "நானும் வரலாமா?" என்று கேட்டான். பழைய ஆளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இவன் குளித்து, தலை சீவி, ஆம்பளைகள் பக்கம் கடைசிப் பாயில் போய்க் குந்தினான்.

ஒரு நாள் மத்தியானம் சோறு சாப்பிடுகிற நேரத்தில் அவன் பேச்சை எடுத்தான். "ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கக் கூடாது."

"கேளு. கோச்சுக்கறது அப்பால."

"நீ யாருக்காவோ காத்துக்கினு கீறியாமே. பொம்பளைங்க பேசிக்கினாங்க."

சாராளின் கை சோற்றில் நின்றது. "ஆமா" என்றாள்.

"எங்க கீறான் அந்தாளு?"

"தெர்ல. பூட்டான்."

"சொல்லாமயா?"

"சொல்ற பழக்கமே அவனுக்குக் கெடயாது" என்று ஆரம்பித்தவள்தான். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. பொய்க்காரன். வாயைத் திறந்தால் பொய். பிரேக் போட்டுட்டேன் என்றான், போடவில்லை. அவன் அக்காவிடம் என்னைப் பற்றிச் சொல்லிட்டேன் என்றான், சொல்லவே இல்லை. நான் போய் நின்றபோது அந்தம்மா நீ யாரென்று கேட்டது. எவன் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஏறக் கூடாத இடத்தில் ஏறினான், என்னை இப்படி விட்டுவிட்டுப் போனான். எதிரில் உட்கார்ந்திருந்தவனையே பார்த்துக்கொண்டு அவனையே திட்டினாள். எங்கே சொரணை வந்து முகம் சுருங்குகிறதா, ஒரு பொறியாவது தட்டுகிறதா என்று தேடினாள். முகம் சுருங்கத்தான் செய்தது. அவளுக்காகச் சுருங்கியது.

"அவன உட்டுடு சாராளு" என்றான். "அக்காகிட்டகூடச் சொல்லாதவன் உன்ன இன்னா காப்பாத்தப் போறான்? அப்படிப்பட்டவன் உனக்கு வாணாம்."

சாராள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். பம்பில் கை கழுவும்போது சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்கே புரியவில்லை. தன் மேலேயே அவன் கோபப்படுகிறான். அதுவும் ஞாயமான கோபம்.

இங்கே ஞானம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று மாதம் முடிய ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. அது தப்பினால் படித்த இரண்டு ஓலையும் வீண். மகளிடம் கேட்டால் ஊசியை எடுப்பாள். நேரே உபதேசியாரிடம் போனாள். "பையனுக்கு ஞாபகம் வந்துட்டுதா?" என்று அவர் கேட்டார். "வந்துக்கினே கீதுங்க அய்யா" என்றாள் ஞானம்மா. சபையில் பெயரை உரக்க வாசித்தால் மிச்சமும் வந்துவிடும் என்று அவள் மெய்யாகவே நம்பினாள். உபதேசியார் நல்லவர், நல்லவர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் உபதேசியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பெத்திக்குப்பம் சபையைச் சேர்ந்த ஆசீர்வாதம் என்னும் வாலிபனுக்கும், இதே சபையைச் சேர்ந்த ஞானம்மாளின் குமாரத்தி சாராள் என்னும் கன்னிகைக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

சாராள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஞானம்மா கண்ணை இறுக மூடி ஜெபம் பண்ணுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வா, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று சாராள் பல்லைக் கடித்தபோது, ஆம்பளைகள் பக்கம் கடைசிப் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்குத் தெரியும் அய்யா."

தேசப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவருடைய இத்தனை வருஷ ஊழியத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. "இன்னா தெரியும் தம்பி?" என்றார்.

"அந்த ஆசீர்வாதம் சரியில்லாத ஆளுங்க. பொய்க்காரன். இந்தப் பொண்ணே எங்கிட்ட சொல்லிச்சு. இத்தினி நாளா எங்க கீறான்னு தெர்ல, எட்டிக்கூடப் பாக்கல. இப்ப வந்து ஓலை படிக்கச் சொன்னா படிச்சிடறதா? இந்தப் பொண்ணு தெனம் சாக்கு தைக்கும்போது எப்படிக் கீதுன்னு எதிர குந்திக்கினு பாக்கறவன் நான்." அவன் சாராள் பக்கம் கை காட்டினான். "அதுக்கு இஷ்டம்னா நான் கட்டிக்கலாம்னு இருந்தேன். அந்தாளு இங்க வந்துக்கீறானா? வந்திருந்தா எழுந்து நிக்கச் சொல்லுங்க. மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

வரதன் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பொம்பளைகள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாராள் எழுந்தாள்.

"நின்னுக்கினுதான் கீறான்" என்றாள்.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் நிற்கவில்லை. பக்கத்தில் பார்த்தான். எல்லாரும் உட்கார்ந்துகொண்டு அவனையே பார்த்தார்கள். அந்த ஆசீர்வாதம் தானே என்பது அவன் முகத்தில் மெதுவாக ஏறுவதை சாராள் பார்த்தாள், பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் செருப்புகூடப் போடாமல் வெளியே போனான். உபதேசியார் முடிவு ஜெபம் சொல்வதற்குள் அவளும் போனாள்.

சர்ச்சுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். "எல்லாருக்கும் தெரியும், இல்ல?" என்றான். "மாப்ள மாப்ளன்னாங்களே."

"தெரியும்."

"அவன உட்டுடுன்னு உன்னாண்டயே சொன்னேன். கேட்டுக்கினு இருந்தியே."

"நான்தான் சொல்ல வாணாம்னேன். பாவம்னு கட்டிக்குவன்னு பயம். இப்பதான் தெரிஞ்சிபோச்சே. உனக்கும் இஷ்டம், ஓலையும் படிச்சாச்சு, உள்ள வந்து தடை இல்லன்னு சொல்லு. அந்த மனுஷன் கண்ணாடியக் கையில வச்சிக்கினு நிக்கிறாரு."

"சொல்ல மாட்டேன்."

சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாய்யா பேஜாரு பண்ற? உன் கல்யாணத்துக்கு நீயே தடையா?"

"எங்கல்யாணம் இல்ல அது. அவன் கல்யாணம்." அவன் கத்தவில்லை. "ஞாபகம் வரும் வரும்ன்றாங்க. நானும் தேடிப் பாத்துட்டேன் சாராளு. ஒண்ணும் இல்ல. வரும்னும் தோணல. அவன் உன்ன இன்னான்னு கூப்ட்டான், நீ எங்க நின்னு சரின்ன, எதுவும் எங்கிட்ட கெடயாது. நீ எம்மூஞ்சியில அவனத் தேடறது மட்டும் எனக்குத் தெரியுது. சாக்கு தைக்கும்போது நிமுந்து பாப்ப. பாத்துட்டு, இல்லன்னு குனிஞ்சிக்குவ. அவனுக்குச் சொன்ன சரிய எடுத்து எங்கையில குடுக்காத. எனக்குன்னு சொல்லு. இஷ்டம் இல்லன்னா அதயும் சொல்லு."

சாராள் கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை மாதமாக எல்லாரும் இவனைப் பிடித்து ஞாபகப்படுத்திக்கொள் ஞாபகப்படுத்திக்கொள் என்று பிடுங்கினார்கள். அவளிடம் யாரும் மறந்துவிடு என்று சொல்லவில்லை. இவனுக்குச் சரி என்று சொன்னால் பழைய ஆளுக்காகக் காத்திருப்பது அதோடு முடிந்தது. அந்தக் கத்தல், அந்தச் சிரிப்பு, ஆணி என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டு மானத்தை வாங்கின அந்த ஆள், இனி வர மாட்டான். அவன் செத்திருந்தால் ஊரே கூடி அழுதிருக்கும், அவளையும் பிடித்து அழ வைத்திருக்கும். உடம்பு நடமாடிக்கொண்டு இருந்ததால் ஒருத்தரும் அழவில்லை. கோபப்பட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளிவிட்டாள். சாராள் கிணற்று மேடையில் உட்கார்ந்து அழுதாள். அடிபட்ட அன்றைக்கு அழவில்லை, ஆஸ்பத்திரியில் அழவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இப்போது அழுதாள். அவன் அழாதே என்று சொல்லவில்லை. தொடவும் இல்லை. எதற்கு அழுகிறாள் என்று தெரிந்தவன்போல் தள்ளி நின்றான்.

அழுது முடிந்து முகம் கழுவிக்கொண்டாள். "எனக்குக் கோவம் வரும்" என்றாள்.

"அது யாரும் சொல்லித் தரல. நானே பாத்தது."

"அவன இனிமே திட்டாத. உனக்கு அவனத் தெரியாது."

"சரி" என்றான்.

"உங்கக்காகிட்ட போய் சொல்லு. சொல்லிட்டேன்னு வந்து எம்முன்னாடி நிக்காத, இட்டுக்கினு வா. அப்பால நான் சொல்றேன்."

அன்றைக்கே பஸ் ஏறினான். மணியம்மாள் கேட்டுவிட்டு அவனை அடிக்கக் கை ஓங்கினாளாம், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததை மறைத்தாயே என்று ஒரு நாள் முழுக்கச் சோறு போடவில்லையாம். அதை அவன் ஒன்று விடாமல் வந்து சொன்னான். சொன்னபோது அக்கா பின்னாலேயே மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. சாராள் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அதில் யாரையும் தேடவில்லை. "சரி. உனக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

உபதேசியாருக்குத்தான் தலைவலி. மூன்று மாதம் ஓடிப்போனது மட்டுமா, சபை நடுவில் தடை வேறு சொல்லியாகிவிட்டது, முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்றார். பெயர் விஷயத்தில் தேசப்பன், அந்த ஞானஸ்நானம் பழைய ஆள் வாங்கினது என்று ஆரம்பித்தான். ஞானஸ்நானம் ஒரு தடவைதான், உன் தலை நனைந்ததா இல்லையா, அதோடு சரி என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை. "ஆர்.கே.பேட்டை தேசப்பன் என்கிற ஆசீர்வாதத்துக்கும்" என்று அவர் படித்தார். சாராள் பெயரையும் படித்தார். தடை ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலால் கடைசிப் பாயைப் பார்த்தார். சபை முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு கப்சிப் என்று உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு அந்தச் சர்ச்சில் தடை சொல்ல இருந்தவள் ஒருத்திதான். இதற்கு முன்னால் இதே இடத்தில் ஓலை படித்தது வேறு ஒருத்தனுக்கு, அவனும் என்னுடையவன்தான், அவனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்க அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சாராள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.